ஆரஞ்சு லோடு நல்லகாமன்

வாடிப்பட்டியில் நல்லகாமன் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் பேருக்கு முன்னால் ஓர் அடையாளம் உண்டு. இவர் ஆரஞ்சு லோடு நல்லகாமன். முப்பது வருடத்துக்குக் குறையாமல் லாரி ஓட்டியவர். இங்கிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார். அங்கிருந்து ஆரஞ்சு ஏற்றிவந்து மதுரை மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் இறக்குவார். ஆரஞ்சு வராத மாதங்களில் வெங்காயமோ பருப்போ கிடைத்ததை ஏற்றினாலும், ஊர் அவரை ஆரஞ்சோடுதான் சேர்த்து வைத்திருந்தது.

அந்த மனிதர் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு சுளை ஆரஞ்சை வாயில் வைத்ததில்லை.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு டோல்கேட்டில் லாரி டிரைவர்களுக்கு இலவச மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். வண்டியை ஓரம்கட்டி, டீ குடிக்கிற நேரத்தில் விரலை நீட்டினார். சுகர் இருப்பது அங்கேதான் தெரிந்தது. பின்னால் வரிசை நீளமாக நின்றது. சீட்டெழுதிக் கொடுத்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இனிப்பு, பழம் ரெண்டையும் மறந்துருங்கண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். நேரம் இல்லை.

நல்லகாமன் அதைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவரோடு ஒன்றாக லாரி பழகிய விருமாண்டிக்குச் சில வருடம் முன்பே சுகர் வந்திருந்தது. வாயைக் கட்டாமல் தின்று, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து, அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. கட்டில் ஓரம் தொங்கிய ஒற்றைக் காலை நல்லகாமன் பார்த்திருந்தார்.

மார்கழியில் ஆரஞ்சு ஏற்றினால் கேபின் முழுக்க அந்த வாசம்தான் இருக்கும். கிளீனராக வந்த அருள்பாண்டி ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்பான்.

"ஒரே ஒரு சுளைண்ணே. ஒண்ணுல என்ன ஆயிரப் போகுது?"

"வேணாம் மாப்ள. எனக்கு ரெண்டு காலும் வேணும்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் வாங்கமாட்டார். கொய்யா, மாம்பழம், நெல்லிக்காய் எல்லாமே அவருக்கு ஒன்றுதான். பழமாகத் தின்கிற எதையும் தொடுவதில்லை.

அந்த நாட்களில் அவர் சோகமான ஆள் இல்லை. எங்கே வண்டியை நிறுத்தினாலும் சாயங்காலம் மனைவி அழகம்மாளுக்குப் போன் போடுவார். அழகம்மாள் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். மில்லில் யார் யாரோடு சண்டை, மகள் சத்யப்ரியா என்ன மார்க் வாங்கினாள், எதிர்வீட்டில் எதற்குக் கத்தினார்கள் என்று அவர் சொல்வார். இவர் மழையில் பாலத்தடியில் நின்றதை, தெலுங்கு போலீஸ்காரனிடம் தமிழிலேயே சண்டை போட்டு ஜெயித்ததைச் சொல்வார். அரை மணி நேரம் போவது தெரியாது. "மத்தவளுக்கெல்லாம் புருசன் வீட்டுல இருக்கான். எனக்கு போன்ல இருக்காரு" என்று அழகம்மாள் மில்லில் சொல்லிச் சிரிப்பாராம்.

பிறகு கண் மங்கியது. எதிரே வரும் வண்டி வெளிச்சம் உடைந்து உடைந்து தெரிந்தது. மதுரையில் கண்ணாஸ்பத்திரியில் பார்த்தபோது, சுகர் கண்ணின் பின்பக்கத்தைப் பாதித்திருக்கிறது என்றார்கள். லேசர் வைத்தார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், ஆனால் கனரக வண்டி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லாரி ஓனர் ஒரு சால்வை போட்டு அனுப்பினார். போர்வையும், ஒரு பையும், கேபினில் ஒட்டியிருந்த மாரியம்மன் படமுமாக நல்லகாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது.

யாரும் விரட்டவில்லை. ஒரு குறையும் வைக்கவில்லை. சத்யப்ரியா கல்யாணமாகி நாகமலை புதுக்கோட்டையில் இருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. அழகம்மாள் விடியும்போது மில் வேன் ஏறினால், சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் வீடு அவரிடம் இருந்தது. ஆனால் அந்த வீடு அழகம்மாளின் கைக்குப் பழகியது. டம்ளர் எங்கே கவிழ்க்க வேண்டும், துணியை எப்படி மடிக்க வேண்டும், மோட்டாரை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் நல்லகாமன் இல்லாமலே முப்பது வருடமாக முடிவாகியிருந்தது. ஒருநாள் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். அழகம்மாள் வந்ததும் எல்லாவற்றையும் உதறி மறுபடி மடித்தார். இன்னொரு நாள் பாத்திரம் விளக்கப் போனார்.

"வைங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார் அழகம்மாள்.

அந்தச் சொல்லில் கோபம் இல்லை, அன்புதான் இருந்தது. ஆனால் எதைத் தொட்டாலும் அதையே கேட்டுக் கேட்டு, அவர் தொடுவதை நிறுத்திவிட்டார்.

பேச்சும் நின்றுபோனது. சாயங்காலம் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். டிவி ஓடும். போனில் அரை மணி நேரம் பேசியவர்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் நாலு வார்த்தை கிடைக்கவில்லை. அவரிடம் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. பகல் முழுவதும் அவர் பார்த்தது எதிர்ச் சுவரும், அதில் போகும் பல்லியும்தான். அழகம்மாளுக்கோ நின்று நின்று கால் வலி. படுத்தால் போதும்.

டீக்கடைக்குப் போனால், "என்ன மாமா, இன்னைக்கு லோடு இல்லையா?" என்று விளையாட்டாகக் கேட்டார்கள். இரண்டு முறை சிரித்தார். பிறகு போவதை நிறுத்தினார்.

சாப்பாடு சுருங்கியது. அழகம்மாள் காலையில் வைத்துவிட்டுப் போகும் கேப்பைக் கஞ்சி, ஒரு முட்டை, சில நாள் சர்க்கரை இல்லாத டீயில் நனைத்த ரஸ்க். அதுவும் பாதி மிஞ்சும். குளிப்பது நாள் தள்ளியது. கால் கடுத்தது. பல் தேய்த்தால் வாஷ்பேசினில் சிவப்பாக விழும். தண்ணீரைத் திறந்துவிட்டு, அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பார். தொடையில் எங்கும் இடிக்காமலே கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஏன் இப்படிச் சோர்ந்திருக்கிறார் என்று கேட்டவர்களும், "சுகர்னா அசதி இருக்கத்தேன் செய்யும்" என்று முடித்துவிட்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். சுகர் என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட முடிந்தது.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில், அவர் சுகர் மாத்திரையை நிறுத்தினார்.

சாக வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எதற்காகப் போட வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. கொல்லைப்புறம் போய் சாக்கடையில் போட்டார். மறுநாளும் போட்டார். அழகம்மாள் வந்து அட்டையைப் பார்ப்பார், மாத்திரை குறைந்திருக்கும், நிம்மதியாகிவிடுவார்.

அப்புறம் தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தார். ஒரு பகலில் பாத்ரூமுக்குப் போனவர் வாசலிலேயே சரிந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. பயத்தைவிட, கூப்பிட ஒரு பேர் வாயில் வராததுதான் அப்போது பெரிதாக இருந்தது என்று பின்னால் சொன்னார்.

அன்றைக்கு மில்லில் கரண்ட் இல்லை என்று ஆட்களைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அழகம்மாள் மதியமே வந்தார். வழக்கமான நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுகர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டிரிப்பும் இன்சுலினுமாக இறக்கினார்கள். ஆள் தெளிந்து உட்கார்ந்த பிறகு, வார்டைப் பார்க்க வந்த டாக்டர் சரண்யாதேவி, நல்லகாமன் பேசும்போது அவர் ஈறைக் கவனித்தார். டாக்டருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அவசரப்படாமல் பேசுகிறவர்.

"வாயத் தொறங்க ஐயா. பல்லுல ரத்தம் வருதா?"

"எப்பவாச்சும்."

டாக்டர் போர்வையை விலக்கித் தொடையைப் பார்த்தார். மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக இருந்ததைத் தடவிப் பார்த்தார்.

"பழம் என்ன சாப்பிடுவீங்க?"

"பழமா? சுகர்னு தெரிஞ்சதுலருந்து தொட்டதில்ல டாக்டரம்மா." அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஒண்ணுமே? கொய்யாக்கூட?"

"எதுவும் இல்ல. வண்டில ஆரஞ்சத்தேன் ஏத்திட்டு வருவேன். ஒரு சுளை வாயில வச்சதில்ல."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லாரியில் போகும்போது என்ன சாப்பிடுவீர்கள், வீட்டுக்கு வந்தபிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாலையோர டாபா ஓட்டலில் சப்பாத்தி, பருப்பு, கூடவே தட்டில் பச்சை வெங்காயமும் எலுமிச்சம்பழத் துண்டும் வைப்பார்கள் என்றார் நல்லகாமன். வீட்டில் கஞ்சியும் ரஸ்க்கும்.

"அந்த வெங்காயமும் எலுமிச்சையும்தான் இத்தனை வருசம் உங்களை ஓட்டியிருக்கு" என்றார் டாக்டர். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபோது, உடம்பில் வைட்டமின் சி என்பது பேருக்குக்கூட இல்லை என்று தெரிந்தது.

அன்றைக்கே டாக்டர் வேறொன்றும் கேட்டார். அழகம்மாள் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"மனசு எப்படி இருக்கு ஐயா?"

"மனசுக்கென்ன."

"எதுலயாவது ஆசை இருக்கா? டிவி பாக்கணும், யாரையாவது பாக்கணும், இப்படி?"

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?"

நல்லகாமன் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "சாக்கடைல போட்டேன்."

"ஏன்?"

"போட்டு என்ன ஆகப்போகுதுன்னு."

அழகம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ அசந்து போயி வார. உங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். முகத்தை மூடவில்லை. கை ஒன்றில் டிரிப் ஊசி இருந்தது. இன்னொன்று சும்மா மடியில் கிடந்தது.

மனநல டாக்டர் ஒருவரும் வந்து பேசிவிட்டுப் போனார். பிறகு சரண்யாதேவி கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சுகர் உள்ளவர்களுக்கு டிப்ரஷன் வருவது அதிகம். ஒன்று கூடினால் இன்னொன்றும் கூடும். மனசு விழுந்தால் மாத்திரை தவறும், சுகர் ஏறும், சுகர் ஏறினால் மனசு இன்னும் விழும். அதற்கு நடுவில் இவருக்கு வைட்டமின் சி-யும் வற்றிப்போயிருக்கிறது. அது வற்றினால் ஈறில் ரத்தமும் தோலில் நீலமும் மட்டுமில்லை, அசதியும் சோர்வும் வரும்.

"அப்ப இந்த சி மாத்திரை போட்டா மனசு சரியாயிருமா?" என்று அழகம்மாள் கேட்டார்.

"அப்படிச் சொல்ல மாட்டேன்மா. சுகர்காரங்களுக்கு இதைக் குடுத்தா மனச்சோர்வு குறையுதான்னு சில இடத்துல பாத்திருக்காங்க. கொஞ்சம் பேருக்குக் குறைஞ்ச மாதிரி தெரியுது. ஆனா கொஞ்சம் பேர வச்சுப் பாத்தது. முடிவான விசயம் இல்ல. இவருக்கு உடம்புல இல்லவே இல்ல, அதனால எப்படியும் குடுக்கணும். மனசுக்குத் தனியா ஒரு மாத்திரை எழுதியிருக்கேன். அதுதான் முக்கியம். அது வேலை செய்ய சில வாரம் ஆகும். ரெண்டையும் போடணும்."

"பழம்?" என்றார் நல்லகாமன்.

"அளவாச் சாப்பிடலாம். கொய்யா நல்லது. ஆரஞ்சு பாதி. ஜூஸ் போட வேண்டாம். நெல்லிக்காய் தாராளமா."

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்கு, நாகமலை புதுக்கோட்டைக்குப் போனார்கள். சத்யப்ரியா கொய்யாவை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் தட்டைத் தள்ளினார்.

"டாக்டரே சொல்லிட்டாங்கல்ல, சாப்பிடுங்கப்பா."

"அவுகளுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாக. கால் என்னுது."

"கால் நல்லாத்தேன் இருக்கு. போன வாரம் ஆளே இல்லாமப் போகப் பாத்தீங்க" என்றாள் அவள். சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நல்லகாமன் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து மென்றார். வீங்கிய ஈறில் கொட்டை பட்டு வலித்தது. முழுங்கிவிட்டு, கால் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். உடனே ஏதாவது ஆகிவிடும் என்று நிஜமாகவே நினைத்தாராம். ஒரு மணி நேரம் கழித்து மகளிடம் விரலை நீட்டி மெஷினில் பார்க்கச் சொன்னார். பயந்த மாதிரி ஏறவில்லை. இன்னொரு துண்டு சாப்பிட்டார்.

உடம்பு தேறிய வேகம் எல்லோருக்கும் ஆச்சரியம். ஈறில் ரத்தம் நின்றது. தொடையில் நீலம் மஞ்சளாகி மறைந்தது. கால் கடுப்பு விட்டது. வாடிப்பட்டிக்குத் திரும்பியதும் காலையில் நடந்தார். பசித்தது. அந்த சி மாத்திரை ஆரஞ்சு நிறத்தில், சப்பிச் சாப்பிடுகிற மாதிரி, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். நல்லகாமனுக்கு அது மருந்தாகவே தெரியவில்லை. தான் வேண்டாம் என்று தள்ளிய அத்தனை லோடும் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிற மாதிரி இருந்தது என்று அழகம்மாளிடம் சொன்னார். அன்றைக்கு அவர் அவ்வளவு பேசியதே அழகம்மாளுக்குப் பெரிதாக இருந்தது.

அதிலேதான் ஒரு தப்பு செய்தார். மனசுக்குக் கொடுத்த மாத்திரை அவருக்குப் பிடிக்கவில்லை. வாய் உலர்ந்தது. அதோடு, மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் பார்த்த ஒருவர், "இது மனசு சரியில்லாதவகளுக்குக் குடுக்கிறதாச்சே, யாருக்குண்ணே?" என்று கேட்டுவிட்டார். நல்லகாமன் "தெரிஞ்சவருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளினார். சி மாத்திரைதானே குணப்படுத்தியது என்று அதையே காலையும் மதியமும் சாயங்காலமும் இரண்டிரண்டாக வாயில் போட்டுக்கொண்டார். மில் வேன் டிரைவரிடம்கூட, "மனசு சரியில்லையா, சி போடுப்பா" என்று சொன்னாராம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வயிறு எரிந்து, பேதியாகி, படுத்தார். படுத்தவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. வயிறு சரியான பின்னும் தோன்றவில்லை. அழகம்மாள் ஒரு சாயங்காலம் வந்து பார்த்தபோது காலையில் வைத்த சோறு மூடியபடியே இருந்தது. இந்தத் தடவை அவர் அட்டையை மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"மனசுக்குக் குடுத்த மாத்திரையப் போட்டீகளா?"

"அத விட்டு நாளாச்சு."

அழகம்மாள் திட்டவில்லை. அடுத்த நாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சரண்யாதேவிதான் திட்டினார். "அளவுக்கு மேல போட்டா சிறுநீரகத்துல கல்லு வரும். இது மிட்டாய் இல்ல. உங்களுக்கு இல்லாதத அது நிரப்புச்சு, அவ்வளவுதான். மத்த மாத்திரைய உங்க இஷ்டத்துக்கு நிறுத்தலாமா?"

"தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு டாக்டரம்மா."

"உடம்பு தெளிஞ்சுச்சு. மனசு?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "முன்னாடி உடம்பே கல்லு மாதிரி கெடந்துச்சு. எதுவும் உறைக்கல. இப்ப பசிக்குது. நடக்குறேன். ஆனா பகல்ல வீடு எம்புட்டு அமைதியா இருக்குன்னு இப்பத்தேன் எனக்குக் கேக்குது."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அழகம்மாளும் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ் மாட்டுத்தாவணியில் கிளம்ப நேரமிருந்தது. அருள்பாண்டி இப்போது தானே லாரி ஓட்டுகிறான். பழ மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னான். இருவரும் நடந்து போனார்கள். அழகம்மாள் அந்த மார்க்கெட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. அருள்பாண்டி ஓடி வந்தான்.

"அண்ணே, இளைச்சுட்டீகளே! மதினி, வாங்க." ஒரு பழத்தை எடுத்துவிட்டு, நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான். "உங்களுக்குத்தேன் ஆகாதே."

"பாதி குடு" என்றார் நல்லகாமன்.

உரித்ததில் பாதியை அவரும் மீதியை அழகம்மாளும் தின்றார்கள். நன்றாக இருந்ததா என்று பின்னால் கேட்டவர்களிடம், "புளிச்சுச்சு" என்றார். சரியாகப் பழுக்காத பழம். அழகம்மாள்தான் லாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இம்புட்டு ஒசரத்துலயா உக்காந்து ஓட்டுவீக?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. நல்லகாமன் கதவைத் திறந்து, ஏறும் படியைக் காட்டினார். அழகம்மாள் வெட்கப்பட்டு ஏறவில்லை.

பஸ்ஸில் வரும்போது அழகம்மாள் சொன்னார். "ஒண்ணு சொல்லட்டா? போன்ல பேசின ஆளத்தேன் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து உக்காந்த ஆளு வேற மாதிரி இருக்கீக. என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. கோவமெல்லாம் இல்ல."

"எனக்கும் தெரியல" என்றார் அவர்.

மறுநாள் மதியம், மில்லில் சாப்பாட்டு நேரம் என்று தெரிந்து, அவர் போன் போட்டார். அழகம்மாள் பதறி எடுத்தார்.

"என்னாச்சு? விழுந்துட்டீகளா?"

"ஒண்ணும் ஆகல. சாப்பிட்டியா?"

அழகம்மாள் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு, சூப்பர்வைசரைப் பற்றி ஆரம்பித்தார். சாப்பாட்டு மணி முடிகிற வரைக்கும் பேசினார். சாயங்காலம் வீட்டில் பழைய மாதிரிதான். டிவி ஓடியது, இருவரும் பார்த்தார்கள். ஆனால் மதிய போன் நின்றுவிடவில்லை.

இப்போது அவர் மாத்திரைகளை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறார். சி மாத்திரை தினம் ஒன்றோடு சரி. சுகர் கட்டுக்குள் இருக்கிறது. போன தடவை போனபோது டாக்டர் பழைய கேள்விகளையே கேட்டுவிட்டு, மனச்சோர்வு பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது என்றார்.

"எதுனால டாக்டரம்மா? அந்த மாத்திரையா, சி-யா, பழமா?"

"எனக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியாது" என்றார் சரண்யாதேவி. "உங்களுக்குக் கேட்டிருக்கு. இன்னொருத்தருக்கு எப்படின்னு சொல்ல முடியாது. எதையும் நிறுத்தாதீங்க, அது மட்டும் தெரியும்."

பாதி குறைந்தது என்றால் பாதி இருக்கிறது. அது பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். போன் வைத்த பிறகு, அழகம்மாள் வருவதற்கு முன்னால். அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கக் கூடாது என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு வாடிப்பட்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவார். அங்கே நிற்கிற ரயில் அதிகம் இல்லை. திண்டுக்கல் பக்கமும் மதுரைப் பக்கமும் நிற்காமல் போகிறவைதான் நிறைய. வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரை, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. யாரையோ எதிர்பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு பாசஞ்சர் வந்து நிற்கும். காய்கறிக் கூடையோடு சிலர், பையோடு காலேஜ் பிள்ளைகள் இறங்கிப் போவார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். தெரிந்தவர் யாராவது இருந்தால் தலையசைப்பார். பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். பிளாட்பாரம் காலியானதும் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். வெயில் தணிந்து, மில் வேன் வரும் நேரமானதும் எழுந்து, வேட்டியில் ஒட்டிய வேப்பிலையைத் தட்டிவிட்டு, வீட்டைத் திறக்க நடப்பார்.